இணையக் கடையின் சாவி யார் கையில்?



நம்மில் அநேகர் இன்று இணையத்திலும் கடை திறக்க விரும்புகின்றனர். "எந்தக் கருவியைக் கொண்டு கட்டுவது? எவ்விடத்தில் வைப்பது?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. நாம் இத்துறையைக் கற்றவரல்லோம். எனினும் நமது ஜவுளிக் கடைக்கு ஆறு ஆண்டுகளாக இணையத்தில் ஒரு கிளை நடத்தி, ஒரு முறை கையும் சுட்டுக்கொண்டோம். அந்த அனுபவத்திலிருந்து மூன்று பாடங்களை இங்கே எழுதுகிறோம்.

முதற் பாடம்: கருவி

இணையக் கடையை மூன்று வழிகளில் அமைக்கலாம். ஒன்று, ஷாப்பிஃபை போன்ற ஆயத்தக் கடையை மாத வாடகைக்கு எடுப்பது. அலமாரியும் கல்லாப்பெட்டியும் அவர்களுடையவை. நாம் சரக்கை அடுக்கினால் போதும். இரண்டு, 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் மீது வூகாமர்ஸ் என்னும் விற்பனைப் பகுதியைப் பொருத்துவது. இவ்விரண்டும் இலவசம், ஆனால் இட வாடகையும் பராமரிப்பும் நம் பொறுப்பு. மூன்று, நமக்கென்றே தனியாக எழுதச் செய்வது. இதற்கு உதவுபவையே பிரேம்வொர்க்குகள்: பி.எச்.பி. மொழிக்கு லாரவெல், பைதான் மொழிக்கு ஜாங்கோ. எல்லாக் கடைகளுக்கும் பொதுவான வேலைகள் பலவற்றை இவை முன்னரே செய்து வைத்திருக்கும்.

சில்லறைக் கடைக்கு முதலிரண்டு வழிகளே போதும். வாடிக்கைக்காரருக்கு ஒரு விலை, கடன் தவணை, பல கிட்டங்கிகளின் இருப்பு என்றெல்லாம் பார்க்க வேண்டிய மொத்த வியாபாரி மூன்றாவதை நாடலாம்.

எது புதியது என்று பார்க்க வேண்டாம். நம் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று பாருங்கள். கணக்கப்பிள்ளை தமக்கு மட்டும் விளங்கும் குறியில் பேரேடு எழுதினால், அவர் ஊருக்குப் போன அன்றே கணக்கும் போயிற்று! மேலும், லாரவெலின் ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தம் 2 ஆண்டுகளுக்கே கிடைக்கும். பி.எச்.பி. 7.4 பதிப்புக்கு அது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. ஆகவே கட்டும் கூலியோடு வருடப் பராமரிப்புக் கூலியையும் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடம்: இடம்

இடத்தை ஹோஸ்டிங் என்பர். பகிர்வு ஹோஸ்டிங் என்பது பலர் சேர்ந்து ஒரே கடை வீட்டில் இருப்பது போன்றது, வாடகை குறைவு. வி.பி.எஸ். என்பது தனி அறை. பூட்டும் துப்புரவும் நம்முடையவை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் தனி அறை எடுப்பது வீண். வாடிக்கைக்காரர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தால் சர்வரும் அருகில் இருப்பது நலம். பக்கம் விரைவில் திறக்கும். அமேசான் நிறுவனம் தன் சர்வர் நிலையங்களைச் சிங்கப்பூரில் 2010லும் மலேசியாவில் 2024லும் திறந்தது.

ஆனால் பெரிய இடம் என்று நம்பி நகல் எடுக்காமல் இருக்கலாகாது. 2021 மார்ச் 10ந் தேதி பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டடம் எரிந்து போயிற்று. நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தனர். சரக்கும் கணக்கும் ஒரே கிட்டங்கியில் இருந்தால் இதுதான் கதி.

மூன்றாம் பாடம்: சாவி

இனி நாம் பட்டதைச் சொல்கிறோம். நமது தளத்தைக் கட்டிய தம்பி கெட்டிக்காரர், நல்லவரும்கூட. கடைப் பெயரை, அதாவது டொமைனை, தம் மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டார். நாமும் கேட்கவில்லை. பின்னர் அவர் வேலைக்கு வெளிநாடு சென்றார். தவணை அறிவிப்புகள் அவர் திறந்து பாராத பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. பெருநாள் வியாபாரம் சூடுபிடித்த வாரத்தில் தளம் நின்றது. அவரைத் தேடிப்பிடித்து, கூடுதல் கட்டணம் கட்டிப் பெயரை மீட்டோம். அவருடைய சர்வரில் இருந்த மூன்று வருட வாடிக்கைக்காரர் பட்டியல் மீளவில்லை. "கடையை மூடிவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தோம்!" என்று பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் சொன்னபோது, போன பணத்தைவிட அந்தச் சொல்லே அதிகம் உறுத்தியது.

குற்றம் அந்தத் தம்பியுடையது மட்டுமன்று. கடையின் சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, கதவின் நிறத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆதலால் முன்பணம் கொடுக்குமுன் நான்கு காரியங்களை எழுத்தில் வாங்குங்கள். டொமைன் நம் பெயரிலும் நம் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் கணக்கும் கடவுச்சொல்லும் நம்மிடம் இருக்க வேண்டும். தனியாக எழுதச் செய்தால் மூல நிரலும் நம்மிடம் வர வேண்டும். வாரந்தோறும் ஒரு நகல் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். ஆயத்தக் கடையிலும் சரக்குப் பட்டியலையும் வாடிக்கைக்காரர் பட்டியலையும் கோப்பாக எடுத்துக்கொள்ள இயலும். அந்நகலைப் பூட்டி வைப்பதும் அவசியம். பிறர் விவரங்களைக் காப்பது மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படியும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படியும் நம் கடமை.

கடைசியாக ஒன்று. எடுத்த நகலை வருடம் ஒரு முறையேனும் வேறிடத்தில் திறந்து பாருங்கள். திறவாத நகலை நம்புவது, எண்ணிப் பாராத பணமூட்டையை நம்புவது போன்றதே. பெயரும் கணக்கும் நம் கையில் இருந்தால் கருவியை நாளை மாற்றலாம், இடத்தையும் மாற்றலாம். அவை கைவிட்டுப் போனால், எவ்வளவு உயர்ந்த கருவியும் நமக்கு உதவாது.