ஓநாயை உள்ளவாறு காண்டல்

தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்றவை ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும். ஆட்டுத்தோலை அறியாதார் இப்பக்கத்தில் இலர். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயையும் பிரசங்கங்களிற் கேட்டு அறிவோம். ஆயின், தன் தோலோடு கூடிய ஓநாயை அறிந்தார் எத்துணையர்? ஆடு மேய்த்து வாழ்ந்த என் பாட்டனார் அதனைத் திருடன் என்றே கூறுவார். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்திய செய்திகள் சிலவற்றை ஈண்டுக் கூறுவல்.

முதற்கண் பெயர். பாலைக்குரியதாக நூலோர் கூறும் செந்நாய் வேறு, ஓநாய் வேறு. செந்நாய் காடு சார்ந்து வாழ்வது. நம் நாட்டு ஓநாய் புல்லும் முட்புதரும் உள்ள வெளிநிலத்தை விரும்புவது. வடமொழியில் இதற்கு விருகம் என்று பெயர். பெரும்பசியுடைய வீமன் விருகோதரன் எனப்பட்டது இதனாலேயே. தக்கணத்து ஓநாயை 1831-இல் சைக்ஸ் என்பார் விலங்குநூன் முறையில் விவரித்தார். மெலிந்த உடலும் ஏறக்குறைய 20 கிலோ எடையும் உடையது.

இனி அதன் ஒழுக்கம். 1947-இல் ஷெங்கல் என்னும் அறிஞர், அடைபட்ட ஓநாய்களை நோக்கி, அவை தலைமைக்காகப் போட்டியிடுவன என எழுதினார். உறவற்ற விலங்குகளை ஒரே கூண்டில் அடைத்தால் வேறு என் நிகழும்? அவற்றைக் காட்டிற் பல்லாண்டு நோக்கிய டேவிட் மெக் 1999-இல் உண்மையை விளக்கினார். கூட்டம் என்பது ஒரு குடும்பமே. தாயும் தந்தையும் வழிநடத்தும். மூத்த பிள்ளைகள் இளையவற்றுக்கு இரை கொணரும். பருவம் வந்தபின் பிரிந்துசென்று தமக்கெனக் குடும்பம் காணும். சிறையிற் கண்டதை இயல்பெனக் கொண்டதே பிழை.

இயற்கையில் அதற்கு இடம் யாது? குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் அது வெளிமானை வேட்டையாடுகின்றது. மான் அருகிய இடத்தில் ஆட்டின்மேற் பாய்கின்றது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வனத்தில் 1926-க்குள் ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. எல்க் மான்கள் மலிந்து இளமரங்களைத் தின்றன. 1995, 1996 ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொணரப்பட்டன. பின்னர் மான்கள் குறைந்தன. நீரோரத்து மரங்கள் சில இடங்களில் தழைத்தன. கரடி முதலியவற்றுக்கும் இதிற் பங்குண்டென்பர் அறிஞர்.

ஓநாயைக் காண விழைவோர் வைகறையிலும் மாலையிலும் தொலைவில் நின்று, தூரதிருஷ்டிக் கண்ணாடியாற் காண்க. குட்டிகள் உள்ள வளையை அணுகற்க. அணுகின், தாய் அவற்றை வாயிற் கவ்வி வேறிடம் பெயரும்.

1972 ஆம் ஆண்டுச் சட்டம் ஓநாயைக் காக்கின்றது. அது வாழும் நிலத்தையோ நாம் தரிசு என்று எழுதிவைத்துள்ளோம். தரிசு உழப்படுகின்றது, கட்டடமாகின்றது. ஊர்நாய்களால் வெறிநோயும் பரவுகின்றது. ஆட்டை இழந்தவனுக்கு உரிய இழப்பீடும் ஓநாய்க்கு உரிய நிலமும் ஒருங்கே கிடைத்தாலன்றி இப்பகை தீராது.

தந்தை ஓநாய் குட்டிகளுக்கு இரை சுமந்துவரும் செய்தியைப் பாட்டனாரிடம் கூறினேன். நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "நான் ஆடு ஓட்டியதும் பிள்ளைகளுக்காகத்தானே, தம்பி" என்றார். அதன்பின் அவர் அதனைத் திருடன் என்று கூறக் கேட்டிலேன்.