நகரத் தந்தை சாம் கிங்

பிறந்த ஊரிலே பெருமை பெறுதல் அரிது. புகுந்த ஊரிலே பெருமை பெறுதல் அதனினும் அரிது. நிறத்தாலும் நடையாலும் வேறுபட்ட ஒருவனை எந்த ஊராரும் எளிதில் தம்முள் ஒருவனாக ஏற்றுக்கொள்வதில்லை. அவ்வாறு ஏற்க மறுத்த ஊரிலேயே வேரூன்றி நின்று, உழைப்பாலும் பொறுமையாலும் அவ்வூரின் தலைமை இருக்கையில் அமர்ந்தோர் மிகச் சிலர். ஜமெய்க்காத் தீவில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, இலண்டன் மாநகரில் குடியேறி, அந்நகரின் சதர்க் பகுதிக்கு மேயராக விளங்கிய சாம் கிங் அச்சிலருள் ஒருவர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

கரிபியன் கடலிலே அமைந்துள்ள ஜமெய்க்கா, மலைகளும் ஆறுகளும் நிறைந்த அழகிய தீவு. 1655 முதல் 1962 வரை அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்வதற்கென ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அத்தீவினருள் பெரும்பாலோர். 1838-ஆம் ஆண்டில் அடிமைமுறை முற்றும் ஒழிந்தது. எனினும் நிலமும் செல்வமும் சிலர் கையிலேயே தங்கிவிட்டமையால், ஏழ்மை அம்மக்களை விட்டு அகலவில்லை.

அத்தீவின் வடகிழக்கில் போர்ட்லண்டு என்னும் வட்டாரம் உள்ளது. அங்குள்ள பிரீஸ்ட்மன்ஸ் ரிவர் என்னும் சிற்றூரில், 1926-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள் சாம் கிங் பிறந்தார். அவர்தம் குடும்பம் வாழை பயிரிட்டு வாழ்ந்தது. வாழை விளைந்தால் வாழ்வு உண்டு. புயல் வீசினால் வாழையும் வீழும், வாழ்வும் வீழும். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வீசிய பெரும்புயல் அப்பகுதியின் வாழை, தென்னந்தோப்புகளைச் சூறையாடியது.

அப்போது இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயரின் விமானப் படைக்கு ஆள் வேண்டும் என்னும் விளம்பரத்தைச் செய்தித்தாளில் கண்ட இளைஞர் கிங், அதிற் சேர விழைந்தார். தாயார் தடுக்கவில்லை. போரில் உயிர் பிழைத்தால், சென்றதற்காக நீ வருந்தமாட்டாய் என்று கூறி மகனை வழியனுப்பினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்தை அடைந்தார். வெப்ப நாட்டில் வளர்ந்த உடலைப் பனிக்காற்று வாட்டியது. அதனைப் பொறுத்துக்கொண்டு தொழிற்பயிற்சி பெற்று, கென்ட் மாவட்டத்து விமானத் தளம் ஒன்றில் போர் விமானங்களைச் செப்பனிடும் பணியைச் செய்தார்.

கடல் கடந்த பயணம்

போர் முடிந்தது, 1947-இல் கிங் தாயகம் திரும்பினார். ஆயினும் அங்கே வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. உலகைக் கண்டு வந்த உள்ளமும் சிற்றூரில் அடங்கவில்லை. அந்நிலையில், 'எம்பயர் விண்டுரஷ்' என்னும் கப்பல் கிங்ஸ்டன் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்படவிருப்பதாகச் செய்தி வந்தது. கீழ்த்தளத்துப் பயணக் கட்டணம் இருபத்தெட்டுப் பவுனும் பத்துச் சில்லிங்கும் ஆகும். ஏழை உழவர் குடும்பத்திற்கு அது பெருந்தொகை. மகனின் பயணத்திற்காக அவர்கள் மூன்று மாடுகளை விற்றனர்.

1948-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் அதில் இருந்தனர். அவர்களுள் தச்சர், தையற்காரர், இயந்திரத் தொழிலாளர், பாடகர் எனப் பல திறத்தாரும் உண்டு. வழியிலேயே ஓர் அச்சம் அவர்களைப் பற்றிக்கொண்டது. 'நம்மை இறங்கவிடாமல் கப்பலைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ?' என்பதே அவ்வச்சம். இங்கிலாந்தில் அவர்கள் வருகையை விரும்பாதார் பலர் இருந்தனர். ஆயின், ஆங்கிலப் பேரரசின் குடிகள் என்ற முறையில் அவர்கள் அந்நாட்டில் இறங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. அவர்களிடம் கடவுச்சீட்டு இருப்பதால் இறங்கவிட்டே ஆகவேண்டும் என்றும், எனினும் அவர்கள் இங்கிலாந்தில் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாங்கமாட்டார்கள் என்றும் ஆட்சியாளர் கூறிய செய்தியைக் கப்பலிலேயே கேட்டதாகக் கிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஜூன் 22-ஆம் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள டில்பரித் துறையில் பயணிகள் இறங்கினர். கிங் மீண்டும் விமானப் படையிற் சேர்ந்து சில ஆண்டுகள் பணியாற்றினார். அதன்பின் அஞ்சல் துறையில் அஞ்சற்காரராக அமர்ந்தார்.

மறுப்புக் கடிதம்

அந்நாளில் இலண்டனில் கருநிற மக்களுக்கு வாடகை அறை கிடைப்பதே அரிது. பல வீடுகளின் சாளரங்களில், நிறத்தவர்க்கு இடம் இல்லை என்னும் அறிவிப்புகள் தொங்கின. அறை கிடைத்தவர்களும் ஒரே அறையில் பலராகத் தங்கி, மிகுந்த வாடகை கொடுத்து வாழ வேண்டியிருந்தது. சொந்த வீடு ஒன்றே இத்துன்பத்திற்கு மாற்று எனக் கிங் தெளிந்தார்.

1950-ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் சேர்ந்து, கேம்பர்வெல் பகுதியில் ஒரு வீட்டை வாங்க முற்பட்டனர். கையிருப்பு போதவில்லை, வீட்டின் பேரில் கடன் கேட்டு விண்ணப்பித்தார் கிங். மறுமொழியாக ஒரு கடிதம் வந்தது. கடன் இல்லை என்பதோடு அக்கடிதம் நிற்கவில்லை; அவர் ஜமெய்க்காவுக்கே திரும்பிச் செல்வது நலம் என்ற அறிவுரையையும் அது தாங்கி வந்தது.

போர்க்காலத்தில் அந்நாட்டின் விமானங்களைச் செப்பனிட்ட கைகளுக்குக் கிடைத்த மறுமொழி அது! வேறொருவராயின் சினத்தால் அதனைக் கிழித்தெறிந்திருப்பர். அல்லது மனமுடைந்து கப்பலேறியிருப்பர். கிங் இரண்டும் செய்யவில்லை. அக்கடிதத்தை எடுத்துச் சென்று, வீட்டை விற்க முன்வந்த உரிமையாளரிடம் காட்டினார். அதனைப் படித்த அவர் அருவருப்புற்றார்; வீட்டிற்குரிய கடனைத் தாமே தந்து, அதனைச் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்துமாறு ஏற்பாடு செய்தார். இவ்வாறு, அப்பகுதியில் சொந்த வீடு பெற்ற முதற் சில கருநிறக் குடும்பங்களுள் கிங்கின் குடும்பமும் ஒன்றாயிற்று. ஒரு நாட்டார் எல்லோரும் தீயர் அல்லர். நேர்மையாளரைத் தேடிச் சென்று உண்மையை எடுத்துரைத்தால் வழி பிறக்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

நம்பிக்கையே முதல்

தமக்கு ஒரு வீடு கிடைத்ததும் கிங் ஓய்ந்துவிடவில்லை. கடன் மறுக்கப்பட்டோர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் இரக்கமுள்ள உரிமையாளர் ஒருவர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க இயலுமா? அவர்களுக்குக் கைகொடுத்தது, ஜமெய்க்க மக்கள் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த 'பார்ட்னர்' என்னும் கூட்டுச் சேமிப்பு முறை. அது சீட்டுப் பிடிப்பது போன்றதே. இருபது பேர் ஒன்று கூடி, வாரம் ஒரு பவுன் வீதம் ஒருவரிடம் செலுத்துவர் எனக் கொள்வோம். சேர்ந்த இருபது பவுனும் அவ்வாரமே அவர்களுள் ஒருவருக்கு அளிக்கப்படும். அடுத்த வாரம் மற்றொருவருக்கு. இருபது வாரங்களில் எல்லோரும் ஒரு முறை மொத்தத் தொகையைப் பெற்றிருப்பர்.

இதில் வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஈடு இல்லை. பணம் திரட்டுபவரின் நாணயமும், தொகையை முன்னே பெற்றவர் பின்னும் தவறாது செலுத்துவார் என்னும் நம்பிக்கையுமே இதற்கு முதல். முதல் வாரத்தில் பெற்றவர் மறுவாரமே மறைந்துவிட்டால் முறை முழுதும் சரிந்துவிடும். எனவே ஒழுக்கமுடையோரே இதில் சேர்க்கப்பட்டனர். வங்கியில் கடன் பெற இயலாதோர் இவ்வாறு வீட்டிற்குரிய முன்பணத்தைத் திரட்டினர். வாங்கிய வீட்டின் அறைகளைத் தம் இனத்தார்க்கு வாடகைக்கு விட்டு, வந்த பொருளால் எஞ்சிய கடனைத் தீர்த்தனர். கிங் இம்முறையைப் பரப்புவதில் ஊக்கத்துடன் ஈடுபட்டார். ஒருவனால் இயலாதது ஒற்றுமையால் இயலும் என்பதை அவர் சொல்லால் அன்றிச் செயலால் விளக்கினார்.

செய்தித்தாளும் திருவிழாவும்

வீடு பெற்றால் மட்டும் போதுமோ? மக்கள் தம் குரலை வெளியிட ஒரு வாயில் வேண்டும். 1958-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், திரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்னும் அம்மையார், 'வெஸ்ட் இண்டியன் கெஜட்' என்னும் செய்தித்தாளை இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் தொடங்கினார். அதன் விற்பனைப் பொறுப்பை ஏற்றுக் கிங் துணைநின்றார்.

அவ்வாண்டின் கோடை இறுதியில் நாட்டிங்கில் பகுதியில் கருநிற மக்களை வெள்ளை இளைஞர் கூட்டத்தார் தாக்கினர். வீடுகள் உடைபட்டன, அச்சம் பரவியது. கிளாடியா அம்மையாரும் அவர்தம் தோழரும் இதற்குத் தடிகொண்டு விடை கூறவில்லை. ஆடலும் பாடலும் கொண்டு விடை கூறினர். 1959-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் கரிபியன் முறையிலான திருவிழா ஒன்று நடைபெற்றது. அதனை அமைத்தோருள் கிங்கும் ஒருவர். வெளியே குளிர் நடுக்க, உள்ளே மேளம் முழங்க, தம் பண்பாட்டின் பெருமையை அம்மக்கள் பறைசாற்றினர். இன்று இலண்டனில் ஆண்டுதோறும் நிகழும் மாபெரும் நாட்டிங்கில் திருவிழாவுக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

மன்றத் தலைமை

கிங் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றினார். மடல்களைச் சுமந்து வீடு வீடாகச் சென்ற அவர் படிப்படியாக உயர்ந்து மேலாளர் ஆனார். அஞ்சற்காரர் பணி, ஒருவரைத் தெருத்தோறும் வாயில்தோறும் கொண்டு செல்வது. எவர் வீட்டில் என்ன குறை என்பதை அறியச் செய்வது. அவ்வறிவு பொதுவாழ்வில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

இலண்டன் மாநகரம் பல உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் அவற்றுள் ஒன்று. பழைய சதர்க், பெர்மன்சி, கேம்பர்வெல் ஆகிய மூன்றும் 1965-இல் இணைந்து இன்றைய சதர்க் ஆயின. வீட்டு வசதி, தெருத் துப்புரவு, நூலகம், முதியோர் நலம் முதலியவற்றை அப்பகுதியின் மன்றம் கவனிக்கும். நான்கு ஆண்டுகட்கு ஒருமுறை மக்கள் மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். உறுப்பினர் கூடி ஆண்டுதோறும் தம்முள் ஒருவரை மேயராகத் தேர்வர். மேயர் மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவார். ஊரின் முதற் குடிமகனாக விழாக்களில் விளங்குவார்.

1982-ஆம் ஆண்டு நடந்த தேர்தலில், தொழிற் கட்சியின் சார்பில் பெல்லண்டன் வட்டத்தில் நின்று கிங் வெற்றி பெற்றார். மறு ஆண்டே மன்றத்தார் அவரை மேயராகத் தேர்ந்தனர். சதர்க்கில் கருநிறத்தார் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. நிறவெறியர் சிலருக்கு இது பொறுக்கவில்லை. உயிருக்கு ஊறு செய்வதாக அவருக்கு அச்சுறுத்தல்கள் வந்தன. கிங் அவற்றுக்கு அஞ்சிப் பதவியைத் துறக்கவில்லை. பொற்சங்கிலி அணிந்து, மன்றத்தில் அமர்ந்து, தம் கடமையைச் செவ்வனே ஆற்றினார். 'உன் நாட்டுக்கே திரும்பிப் போ' என அறிவுறுத்திய கடிதம் வந்த 1950-ஆம் ஆண்டுக்கும், அவர் மேயரான 1983-ஆம் ஆண்டுக்கும் இடையே கழிந்தவை 33 ஆண்டுகள். கடிதம் வந்தபோது அவர் வீடு வாங்க முயன்ற கேம்பர்வெல், இப்போது அவர் தலைமை தாங்கிய சதர்க்கின் ஒரு பகுதி!

நினைவைக் காத்தல்

முதுமையிலும் அவர்தம் தொண்டு ஓயவில்லை. விண்டுரஷ் கப்பலில் வந்தோரின் வரலாறு மறைந்துபோகக் கூடாது எனக் கருதி, 1996-ஆம் ஆண்டில் ஆர்தர் டாரிங்டன் என்பவருடன் சேர்ந்து 'விண்டுரஷ் அறநிலையம்' ஒன்றை நிறுவினார். அக்கப்பல் 1954-ஆம் ஆண்டிலேயே மத்தியதரைக் கடலில் தீப்பற்றி மூழ்கிவிட்டது. ஆயினும் அதன் பெயர் மூழ்காமற் காத்த பெருமை கிங்குக்கு உரியது. 1998-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அவ்வாண்டில் அரசும் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. 2016-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், தம் 90-ஆம் அகவையில் அவர் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்தபின், 2018-ஆம் ஆண்டில் ஒரு கொடுமை வெளிப்பட்டது. கரிபியன் தீவுகளிலிருந்து முறைப்படி வந்து, பல்லாண்டு உழைத்தோர் சிலர், தக்க ஆவணம் இல்லை என்ற காரணத்தால் வேலையும் மருத்துவமும் மறுக்கப்பட்டனர். சிலர் நாட்டை விட்டே அனுப்பப்பட்டனர். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் ஆங்கில அரசு மன்னிப்புக் கோரியது. அவ்வாண்டு முதல் ஜூன் 22-ஆம் நாள் விண்டுரஷ் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. வந்தவர் உழைப்பை ஏற்கும் நாடு, அவர்தம் உரிமையையும் ஏற்றல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. கிங் தம் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியதும் இதுவே.

உரிமை ஒருவருக்குச் சட்டத்தால் வருவது. அதனை நிலைநாட்டுவது அவர்தம் உழைப்பும் ஒற்றுமையும் ஆகும். மூன்று மாடுகளின் விலையில் கடல் கடந்த சாம் கிங், வாரம் ஒரு பவுனாகச் சேரும் சிறுபொருளின் வலிமையை அறிந்தார். தம்மோடு பிறரையும் உயர்த்தினார். பகைத்தவர்க்கும் பணி செய்தார். ஒரு குளிர்காலத்தையும் தாங்கமாட்டார் எனக் கருதப்பட்ட கூட்டத்துள் ஒருவராக வந்த அவர், அந்நாட்டில் அறுபத்தெட்டுக் குளிர்காலங்களைக் கண்டார்.