ஆன்லைன் பிஎச்.டி.: விளம்பரம் சொல்வதும் விதி சொல்வதும்

நம்பிக்கை: ஆன்லைன் எம்.சி.ஏ. செல்லும், அப்படியானால் ஆன்லைன் பிஎச்.டி.யும் செல்லும்.

உண்மை: செல்லாது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் முடித்த இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் நேரில் படித்தவற்றுக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்தது. பலர் அதை முனைவர் பட்டம் வரை நீட்டிக்கொண்டார்கள். அடுத்த மாதமே யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து எச்சரித்தன: வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு கைகோத்து எட்டெக் நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு இங்கே அங்கீகாரம் இல்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களும் பிஎச்.டி.யை ஆன்லைனில் நடத்த விதியில் இடமில்லை. உதவிப் பேராசிரியர் வேலைக்காக இப்படியொரு பட்டத்தை வாங்கியவர், சான்றிதழ் சரிபார்ப்பில்தான் உண்மையைத் தெரிந்துகொள்வார். அதற்குள் பணமும் போயிருக்கும், வயதும் ஏறியிருக்கும். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நம்பிக்கை: அப்படியானால் வேலையில் இருப்பவருக்கு வழியே இல்லை.

உண்மை: இருக்கிறது. அதன் பெயர் பகுதிநேர பிஎச்.டி. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிமுறைகள் இதைத் தெளிவாக அனுமதிக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பணியில் இருப்பவர்கள் வெளிப்பதிவு முறையில் ஆய்வு செய்யலாம். அண்ணா பல்கலைக்கழகத்திலும் பகுதிநேரப் பதிவு உண்டு. யு.ஜி.சி. விதிப்படி படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு.

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம், வேலை பார்க்கும் நிறுவனம் தர வேண்டிய என்.ஓ.சி. "ஆட்சேபணை இல்லை" என்று ஹெச்.ஆர். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அலுவல் இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். ஐ.டி. நிறுவனங்களில் கடைசி வரிக்குக் கையெழுத்து வாங்குவது எளிதல்ல. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே மேனேஜரிடம் பேசிவிடுங்கள்.

ஆன்லைன் வசதி அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரைத்தால் யு.ஜி.சி. ஏற்ற ஆன்லைன் பாடங்களைக் கோர்ஸ் ஒர்க்கில் சேர்த்துக்கொள்ளலாம். வைவாவையும் ஆன்லைனில் நடத்த விதி இடம் தருகிறது.

நம்பிக்கை: வெளிநாட்டு ஆன்லைன் முனைவர் பட்டம் எல்லாமே போலி.

உண்மை: இல்லை. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் அரசுப் பல்கலைக்கழகமான டகோட்டா ஸ்டேட், தகவல் அமைப்புகளில் ஆன்லைன் முனைவர் படிப்பு நடத்துகிறது. அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கப்போகிறவருக்கு அது நல்ல வழி. ஊர் திரும்பி இங்கே கல்லூரியில் பாடம் நடத்த நினைப்பவர், இணைத்தகுதி கிடைக்குமா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்ட பிறகே சேர வேண்டும்.

நம்பிக்கை: ஒரு கிரெடிட்டுக்குக் கட்டணம் குறைவென்றால் படிப்பே மலிவு.

உண்மை: முனைவர் படிப்பின் செலவை ஏற்றுவது காலம். பாடங்கள் முடிந்த பிறகும் ஆய்வேடு முடியும் வரை ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் வால்டன் பல்கலைக்கழகம் ஆன்லைன் வணிக நிர்வாக முனைவர் படிப்பின் உண்மையான செலவையும் காலத்தையும் மறைத்தது என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2024-ல் அது 2.85 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. நம் ஊரிலும் கணக்கு இதேதான். பருவக் கட்டணம் சிறியதாகத் தெரியும். ஆறாவது வருடமும் அதைக் கட்டிக்கொண்டிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

அதனால் கட்டணப் பட்டியலுக்கு முன் கைடைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்டலாம். அவரிடம் இடம் காலியா, அவரிடம் சேர்ந்த பகுதிநேர மாணவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். முடித்த ஒருவரின் போன் நம்பரையும் கேட்டு வாங்குங்கள்.