திட்டினால் சிரிக்கிறானா? திமிர் என்று முடிவுகட்டாதீர்கள்

குற்றம் செய்ததாகப் பிடிபட்ட 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை, விசாரணை நடக்கும் காலத்தில் வைத்திருக்கும் இடம் அரசினர் கூர்நோக்கு இல்லம். ஊரில் பாதிப் பேருக்கு அது ‘சீர்திருத்தப் பள்ளி’, மீதிப் பேருக்குக் ‘குட்டி ஜெயில்’. அங்கே வேலை பார்க்கும் உளவியலாளர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் சில பேச்சுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பல, இல்லத்துக்குள்ளேயே சொல்லப்படுபவை.

நம்பிக்கை: “திமிர் பிடிச்ச பையன் சார். திட்டினா சிரிக்கிறான்.”

உண்மை: சின்ன வயதிலிருந்தே அடி வாங்கி வளர்ந்த பையன் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கதவு எங்கே என்று பார்க்கிறான். முதுகு சுவரில் படுகிற நாற்காலியாகத் தேடி உட்காருகிறான். வராந்தாவில் சாவிக்கொத்து குலுங்கினால் பேச்சு பாதியில் நிற்கிறது. எதிரே இருப்பவர் குரலை உயர்த்தினால் அவன் பாய்வான், ஓடப் பார்ப்பான், இல்லையென்றால் உறைந்துபோவான். அந்தச் சிரிப்பு பல நேரங்களில் உறைந்த முகம்தான். குடித்துவிட்டு வரும் அப்பா முன்னால் அழுதால் இன்னும் இரண்டு விழும் என்று படித்துக்கொண்ட முகம்.

எல்லாச் சிரிப்பும் அப்படியல்ல. பதினாறு வயதுக்கே உரிய திமிரும் உண்டு, அதை மறுப்பானேன்? பத்து நிமிடம் கழித்து, “வார்டன் என்ன சொன்னார்?” என்று கேட்டுப் பாருங்கள். திமிர்க்காரன் வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பான், நையாண்டியும் சேர்த்து. உறைந்துபோனவனுக்குப் பல நேரங்களில் சரியாக ஞாபகம் இருக்காது.

நம்பிக்கை: அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.

உண்மை: அமெரிக்காவின் நியூஜெர்சியில் மிரட்டித் திருத்துவதைச் செய்தே பார்த்தார்கள். பதின்வயதினரை ராவே சிறைக்குள் அழைத்துப் போய், ஆயுள் கைதிகளை விட்டு முகத்துக்கு நேரே கத்தி மிரட்ட வைத்தார்கள். அதைப் பற்றி 1978-இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருது வாங்கியது. பல மாநிலங்கள் அதே வழியைப் பிடித்தன. பின்னாளில் இந்த வகைத் திட்டங்களை முறையாக ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்தபோது, மிரட்டப்பட்டவர்களே மற்றவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தது தெரிந்தது. ஏற்கெனவே பயத்தில் வளர்ந்தவனுக்கு மேலும் பயம் மருந்தாகாது.

இங்கே அடி உயிரையும் வாங்கியிருக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான்; தாக்கியதாக ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது. இத்தனைக்கும், இல்லங்களில் பிள்ளைகளை அடிப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே, 82-ஆம் பிரிவில், தண்டனைக்குரிய குற்றம்.

நம்பிக்கை: மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிட்டால் பையன் சரியாகிவிடுவான்.

உண்மை: நல்ல மனதுள்ளவர்கள் நம்புவது இது. ஆனால் ஆபத்தானது. விபத்தையோ தாக்குதலையோ சந்தித்த பெரியவர்களை உடனடியாக ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அந்த முறையைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, பலன் இல்லை, தீங்குக்கும் இடம் உண்டு என்றே சொன்னது. நடந்ததைச் சொல்ல வைக்கும் நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றிலும் பெரும்பாலும் பதற்றத்தை அடக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் கதைக்குப் போவார்கள்.

கூர்நோக்கு இல்லத்தில் இன்னொரு சிக்கல்: ஜாமீன் எந்த நாளும் கிடைக்கலாம். இன்று கிளறிவிட்டு நாளை அனுப்பினால், தூக்கம் கெட்ட இரவுகளை அவன் எங்கே கொண்டுபோவான்?

ஆகவே முதல் வேலை தூக்கமும் சாப்பாடும், நாளைக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவைப்பதும்தான். நள்ளிரவில் பிள்ளைகளை எண்ணும்போது டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் காலடியில் அடியுங்கள் என்று காப்பாளரிடம் பேசுவதும் உளவியல் சிகிச்சைதான். வீட்டார் பார்க்க வரும் நாளில் எவன் அம்மா வரவில்லை என்று குறித்துவைத்து, சாயங்காலம் அவன் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்தால் பல சண்டைகள் மூளாது. உளவியலாளர் வாரத்தில் ஒரு மணி நேரம் பார்க்கிறார். வார்டன் ராப்பகலாகப் பார்க்கிறார். அவருக்குப் பயிற்சி தராமல் பையனுக்கு மட்டும் கவுன்சலிங் என்றால் அது கணக்குக் காட்டத்தான் உதவும்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன், சொல்லுடா தம்பி” என்றும் வாக்குக் கொடுக்க முடியாது. பாலியல் கொடுமைக்கு ஆளானதாகப் பையன் சொன்னால், போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆண்பிள்ளைக்கு அப்படியெல்லாம் நடக்குமா என்பவர்களுக்கு: 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பாலியல் கொடுமையைச் சொன்னவர்களில் பாதிக்கும் மேல் ஆண்பிள்ளைகள்.

நம்பிக்கை: பையன் செய்தானா இல்லையா என்று உளவியல் அறிக்கை சொல்லிவிடும்.

உண்மை: சொல்லாது. 16 வயது நிரம்பியவர்மீது கொடுங்குற்றப் புகார் இருந்தால், அதைச் செய்யும் மன, உடல் திறனும் விளைவை உணரும் திறனும் இருந்தனவா, எந்தச் சூழலில் நடந்தது என்பதை மட்டுமே, வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முதல்கட்டமாக மதிப்பிடும். குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநலமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிகிச்சை தருபவரையே இந்த அறிக்கையையும் எழுதச் சொல்வது தவறு. பிறகு எந்தப் பையன் அவரிடம் வாய் திறப்பான்?

நம்பிக்கை: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

உண்மை: கொடுமையிலும் புறக்கணிப்பிலும் வளர்ந்த பிள்ளைகளை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர் ஆய்வாளர் கேத்தி விடம். சிறு வயதிலேயே கைதானவர்கள் அவர்களில் 26 சதவீதம். ஒப்பிட்ட மற்ற பிள்ளைகளில் 17 சதவீதம். ஆபத்து கூடுகிறது, உண்மை. ஆனாலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிறு வயதில் கைதாகவே இல்லை.

உங்கள் தெருப் பையன் ஒருவன் இல்லத்திலிருந்து திரும்பி வந்தால், அவன் படத்தையும் பெயரையும் போட்டு எதையும் வாட்ஸ்ஆப்பில் பரப்பாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, அவன் அடையாளத்தை வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.