அக்கினி நட்சத்திரத்தில் வீட்டிலேயே பால் ஐஸ்

வழக்கமாக மே 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ஆம் தேதி வரையில் நீடிக்கும் அக்கினி நட்சத்திர காலத்தில், கொள்ளிடம் பெரும்பாலும் மணற்பரப்பாய்க் காய்ந்து கிடக்க, சுண்ணாம்புக்கல் பூமியாகிய அரியலூர்ப் பக்கத்திலிருந்து அனற்காற்று வீச, ஏலாக்குறிச்சியிலும் திருமானூர்ச் சுற்றுவட்டத்திலும் விடுமுறைப் பிள்ளைகள் ஐஸ் வண்டியின் மணியோசைக்குச் செவிசாய்த்திருப்பது இயல்பே. ஆயினும், அந்தக் குச்சி ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று விசாரித்தறிய நமக்கு மார்க்கமில்லாமையால், அதனை வீட்டிலேயே செய்துகொள்வது இப்போது உசிதமான காரியமாகும்.

குளிர்ப் பண்டத்தின் தரம் ஃபிரிட்ஜில் அன்று, அடுப்பிலேயே நிர்ணயமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பசும்பாலில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்ட பங்கு தண்ணீராதலால், அதனை அப்படியே உறையவைத்தால் பல்லில் நறநறவென்று படும் பனிக்கட்டியே கிடைக்கும். ஆகவே ஒரு லிட்டர் பாலை அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் அடிபிடியாமல் துழாவிக்கொண்டே, ஓரங்களில் படியும் ஆடையையும் வழித்து உள்ளே சேர்த்து, 400 மில்லிலிட்டர் அளவுக்குச் சுண்டக் காய்ச்சுங்கள். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிப் பருப்பு நம் ஜில்லாவின் பாக்கியமாதலால், அதில் ஒரு கைப்பிடியை ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்த்தால், விலை உயர்ந்த கிரீமுக்கு அவசியமே இராது. சர்க்கரை 75 கிராம் போதும். அதிகமானால் பண்டம் இறுகாமல் குழகுழவென்று நிற்கும், மிகக் குறைந்தாலோ கல்லாகிவிடும். வெல்லமோ கருப்பட்டியோ விரும்புகிறவர்கள், அதனைப் பாகாக்கி வடிகட்டி, பால் முற்றிலும் ஆறிய பின்னரே கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் இட்டால் திரிந்துபோகும். ஏலப்பொடி தூவி, சிறு டம்ளர்களில் முக்கால் பங்கு ஊற்றி மூடி, பாதி இறுகியதும் குச்சியைச் செருகி, இரவு முழுவதும் உறையவிடுங்கள். இரவில் ஃபிரிட்ஜை அடிக்கடி திறப்பாரில்லாததால் குளிர் வீணாகாது. காலையில் டம்ளரைச் சில விநாடிகள் பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் ஐஸ் தானே கழன்றுவரும்.

மாம்பழக் கூழையும் இந்தப் பாலில் சேர்க்கலாம். பால் குளிர்ந்திருக்க வேண்டும், பழம் புளிப்பின்றிக் கனிந்திருக்க வேண்டும். நுங்கை முழுதாக உறையவைப்பது ருசிக்காது. இளநுங்கின் மேல்தோலை உரித்து, மசித்துக் கலப்பதே மேல்.

பால் வேண்டாதவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. நன்னாரி சர்பத்தையோ எலுமிச்சை ரசத்தையோ காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, அகலமான தட்டில் ஊற்றி உறைய வைத்து, அரைமணிக்கொரு முறை முள்கரண்டியால் சுரண்டிவிட்டால், பொலபொலவென்ற பூந்துகளாக வரும். இத்தாலி தேசத்தார் விரும்பி உண்ணும் வகை இது. அத்தேசத்தில் 1680-இல் பிறந்து, ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர் நம்மூர் வெயிலில் வாழ்ந்த நாளில், இவ்வூரில் ஐஸ் என்பது சொப்பனத்திலும் கிட்டாத பதார்த்தம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கட்டிகளைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழும்பியதே அவர் காலத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பின்னர், 1842-இல்தான்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டாரும் மனந்தளர வேண்டியதில்லை. மூன்று பங்கு உடைத்த ஐஸ் கட்டிக்கு ஒரு பங்கு கல்லுப்பு சேர்த்து மண்பானையில் நிரப்பி, பால் ஊற்றி இறுக மூடிய எவர்சில்வர் தூக்கை அதனுள் புதைத்து, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தால், உப்பின் சேர்க்கையால் ஐஸின் குளிர் சுழியத்துக்கும் வெகு கீழே இறங்கிப் பாலை உறையச் செய்யும். அக்கலவையை வெறுங்கையால் தொடலாகாது, தோல் புண்ணாகிவிடும். வாங்கும் கட்டி நீல நிறமாயிருந்தால், அது உண்பதற்குரியதன்று என்பதற்கு 2018 முதல் விதிக்கப்பட்ட அடையாளம். பானைக்குள்ளும் அதனை இடவேண்டாம்.

மின்சாரம் நெடுநேரம் நின்று பால் ஐஸ் உருகிவிட்டால், குளிர்ச்சி மாறுமுன் குடித்துவிடுங்கள். கதகதப்பாகிவிட்டதைக் கொட்டிவிட வேண்டுமே தவிர, மறுபடி உறையவைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. மேலும் ஐஸ் நாவுக்கு இன்பமேயன்றித் தாகத்துக்கு மருந்தன்று. ஆகையால் வெயிலிலிருந்து வரும் பிள்ளைக்கு முதலில் பானைத் தண்ணீரோ உப்பிட்ட நீர்மோரோ கொடுத்து, வியர்வை அடங்கிய பின்னர் ஐஸைக் கையில் கொடுங்கள்.