ஒரே 54, இரண்டு மாணவர்கள்

என் எட்டாம் வகுப்பில் கணக்கில் 100க்கு 54 பெற்றவர்கள் இருவர். ஒருவருக்கு வளரறி மதிப்பீட்டில் 40க்கு 34, தொகுத்தறியில் 60க்கு 20. மற்றவருக்கு 16, 38. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இருவரும் ஒன்றுதான். இருவருக்கும் ஒரே பயிற்சித்தாளைத் தந்தால் யாருக்கும் பயனில்லை.

கூட்டுத்தொகையைப் போலவே சராசரியும் ஆளை மறைக்கும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். எடுத்துக்கொண்ட 10 அளவுகளிலும் சராசரியை ஒட்டியிருந்த விமானி ஒருவர்கூட இல்லை. மென்பொருள் துறையில் 1990களின் இறுதியில் ஆலன் கூப்பர் பரவலாக்கிய 'பெர்சோனா' முறையும் பொதுவான பயனரைக் கைவிட்டு, குறிப்பிட்ட ஒருவரின் சித்திரத்தை முன்வைத்தது. அவர் ஆட்களிடம் பேசித் தொடங்கினார். நம்மிடம் எண்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன (நிரப்பி அனுப்பிய பின் யார் பார்க்கிறோம்?). அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

இரு மதிப்பெண்களையும் சதவீதமாக்குங்கள். 34ஐயும் 38ஐயும் அப்படியே ஒப்பிடக்கூடாது. வரைபடத்தாளில் கிடை அச்சில் வளரறி, செங்குத்து அச்சில் தொகுத்தறி. ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி. வருகை குறைந்தவரின் புள்ளியைச் சிவப்பு மையில் சுழியுங்கள். புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். மூன்று நான்கு கூட்டங்கள் போதும். அதற்கு மேல் ஒரு பாடவேளையில் கவனிக்க முடியாது. ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலுள்ள புள்ளிக்குரிய பிள்ளையை வைத்து ஓர் அட்டை எழுதுங்கள். சராசரி கற்பனை ஆள், இவர் நிஜமானவர். அட்டையில் பெயர் வேண்டாம். வேறு யார் கண்ணில் பட்டாலும் அது முத்திரையாகிவிடும்.

அட்டையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணோ பிள்ளையின் சொல்லோ ஆதாரமாக இருக்க வேண்டும். 'வீட்டில் அக்கறை இல்லை' என்பது இரண்டுமல்ல, நம் ஊகம்.

34, 20 பெற்றவர் வாய்மொழியாக விடை சொல்லிவிடுகிறார். நீண்ட வாக்கியக் கணக்கை வாசிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அவருக்குத் தேவை வாசிப்பு. 16, 38 பெற்றவரின் புள்ளியைச் சிவப்பு சுழித்திருந்தது. வருகைப் பதிவேட்டைக் கிழமைவாரியாகப் பார்த்தேன். விடுப்புகளில் பெரும்பாலானவை செவ்வாய். கேட்டதும், "சந்தைக்கு அம்மாகூடப் போவேன் சார்" என்றான். என் வளரறிச் செயல்பாடுகள் நடந்ததும் செவ்வாயில்தான். அவற்றை வியாழனுக்கு மாற்றியிருக்கிறேன். செவ்வாய் வருகை பற்றி அவன் அம்மாவிடம் பேச வேண்டும். சந்தை முடிந்த மறுநாள் மாலை வரச் சொல்லியிருக்கிறார்.