வாழ்க்கை மரம்: பிள்ளைகளோடு சேர்ந்து கதை சொல்வோம்



பழனி மலையின் பழங்குடி மக்கள் பளியர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில், கவுஞ்சிப் பக்கமானாலும் சரி, படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போன பிள்ளையிடம் "உனக்கு என்ன கஷ்டம்?" என்று நேராகக் கேட்டால் வாயைத் திறக்காது. முதலில் அதன் பலத்தைக் கேட்போம்.

தென் ஆப்பிரிக்க நாடுகளில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, ஜிம்பாப்வேயின் என்கூபே அம்மையாரும் ஆஸ்திரேலியாவின் டென்பரோவும் உருவாக்கியது 'வாழ்க்கை மரம்'.

செய்யும் முறை: வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு மரம் வரைய வேண்டும்.

வேர் – பாட்டன் பாட்டி, சொந்த ஊர்
தரை – தினமும் செய்வது
அடிமரம் – தெரிந்த வேலை (தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது)
கிளை – ஆசைகள்
இலை – அன்பு காட்டியவர்கள், இறந்தவர்களும்தான்
பழம் – பிறர் நமக்குத் தந்தவை

எல்லா மரத்தையும் சுவரில் சேர்த்து ஒட்டினால் காடு. அவரவர் மரத்தின் கதையைச் சொல்லட்டும், மற்றவர்கள் பாராட்டட்டும். பிறகுதான், "புயல் வந்தா என்ன செய்வோம்?" என்று கேட்க வேண்டும். 2018 கஜா புயலை நம் மலை மறக்காது. தன் கஷ்டத்தைப் பிள்ளை அப்போது தானாகப் பேசும்.

கவனம்: கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்டதை வெளியே பேசக் கூடாது. 'சாகணும்' என்று சொல்லும் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. உடனே 14416 எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு.

குழுவில் பேச: நம் ஊரில் பேசாமல் இருக்கும் பிள்ளை யார்? அதன் 'இலை' யார்?